கண்ணுக்குத் தெரியாத தூசியை அளத்தல்: லிப்பி நகரம் கற்பிக்கும் பாடம்

நுரையீரல் நோயுடன் வாழும் ஒருவரின் வீட்டருகே பழைய ஆலை இடிக்கப்படும்போதும், நச்சு கலந்த மண் தோண்டி அகற்றப்படும்போதும், அக்குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "அந்தத் தூசி எங்களை என்ன செய்யும்?" இதற்கு விடை கூறுமுன், நாங்கள் அவர்களிடம் மற்றொரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது: "அந்தத் தூசியை எவரேனும் அளக்கின்றனரா? அளந்தால், எங்கே, எப்போது, எப்படி அளக்கின்றனர்?"

மாசடைந்த நிலத்தைத் துப்புரவு செய்வது நற்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பல்லாண்டுகளாக மண்ணுக்குள் அடங்கிக் கிடந்த நஞ்சு, தோண்டும்போதுதான் மீண்டும் காற்றில் எழுகிறது. ஆகவே துப்புரவுப் பணியின் பாதுகாப்பு, அகற்றப்பட்ட மண்ணின் எடையில் இல்லை. பணி நடந்த நாள்களில் அருகிலிருந்தோர் சுவாசித்த காற்றில் இருக்கிறது. அக்காற்று எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்துகொள்வதற்காகவே இப்பாடம்.

தூசியின் அளவும் அதன் பயணமும்

தூசி அனைத்தும் ஒரே தன்மையது அன்று. கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, தும்மலாகவும் சளியாகவும் வெளியேறிவிடுகிறது. மருத்துவர்கள் அஞ்சுவது அதைக் காட்டிலும் நுண்ணிய துகள்களையே. மனிதரின் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதில் ஏழில் ஒரு பங்கான 10 மைக்ரானும் அதற்குக் குறைந்தும் உள்ள துகள்களைப் பி.எம். 10 என்றும், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்தும் உள்ளவற்றைப் பி.எம். 2.5 என்றும் அழைக்கின்றனர். பின்னவை மூச்சுச் சிற்றறைகள் வரை சென்றடைய வல்லவை.

துகள் சிறுத்தால் அது காற்றில் மிதக்கும் நேரம் நீளும். அசைவற்ற காற்றில், நின்றிருக்கும் ஒருவரின் முகமட்டத்திலிருந்து 10 மைக்ரான் துகள் தரையை அடையச் சில நிமிடங்களே ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ ஏறத்தாழ அரைநாள் தேவைப்படும். காலையில் எழுந்த பெருந்தூசி நண்பகலுக்குள் அடங்கிவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றலாம். அதனுடன் எழுந்த நுண்துகள் மாலைவரை மூச்சின் உயரத்திலேயே உலவக்கூடும். "தூசி ஒன்றும் தெரியவில்லையே" என்பது ஒருபோதும் அளவீடாகாததற்குக் காரணம் இதுவே.

ஒரு சிற்றூரின் வரலாறு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், காடுகளும் மலைகளும் சூழ்ந்த பள்ளத்தாக்கில் லிப்பி என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகிலுள்ள மலையில் வெர்மிகுலைட் என்ற கனிமம் வெட்டியெடுக்கப்பட்டது. சூடேற்றினால் நெற்பொரி போலப் பொரிந்து இலேசாகும் இக்கனிமம், குளிரைத் தடுக்க வீட்டுப் பரண்களில் நிரப்பவும், தோட்ட மண்ணை இளக்கவும் பயன்பட்டது. 1990இல் சுரங்கம் மூடப்படும் வரை, அந்நாட்டில் விற்பனையான வெர்மிகுலைட்டில் பெரும்பங்கு இவ்வூரிலிருந்தே சென்றது.

அக்கனிமத்துடன் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இயற்கையாகவே கலந்திருந்தது. கல்நாரின் இழைகள் மிக மெல்லியவை. நுரையீரலுக்குள் புகுந்தவற்றை உடலால் எளிதில் கரைக்கவோ வெளியேற்றவோ இயலாது. அவை நுரையீரல் உறையைத் தடிக்கச் செய்கின்றன. நுரையீரலைத் தழும்பேறச் செய்கின்றன. நுரையீரல் புற்றுநோயையும், மீசோதெலியோமா என்னும் உறைப் புற்றுநோயையும் விளைவிக்கின்றன. இழையை உள்ளிழுத்த காலத்துக்கும் நோய் வெளிப்படும் காலத்துக்கும் இடையே பெரும்பாலும் 10 முதல் 40 ஆண்டுகள் கழிகின்றன.

சுரங்கத் தொழிலாளர்கள் தூசி படிந்த உடையுடனேயே இல்லம் திரும்பினர். அவ்வுடைகளை உதறித் துவைத்த மனைவியரும், தந்தையின் மடியில் ஏறி அமர்ந்த பிள்ளைகளும் அதே தூசியைச் சுவாசித்தனர். சுரங்கத்தின் மிச்சப்பொருள் வீட்டுத் தோட்டங்களிலும் பள்ளியின் ஓட்டப்பாதையிலும் கொட்டப்பட்டது. விளையாட்டுத் திடலருகே குவிக்கப்பட்டிருந்த வெர்மிகுலைட் மேடுகளில் சிறுவர்கள் ஏறிக் குதித்து விளையாடினர்.

1999 நவம்பரில் செய்தித்தாள் ஒன்று இவ்வூரின் நோய்களையும் இறப்புகளையும் வெளிப்படுத்தியது. சில நாள்களுக்குள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு அங்கு சென்றது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்ட 6,600க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு நுரையீரல் உறையில் மாற்றம் காணப்பட்டது. சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாதவர்களும் அவர்களுள் இருந்தனர். 2002இல் லிப்பி, தேசிய அளவில் முன்னுரிமை பெற்ற துப்புரவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2009 ஜூன் 17 அன்று அங்குப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் துப்புரவுச் சட்டத்தின்கீழ் அத்தகைய அறிவிப்பு வெளியானது அதுவே முதன்முறை.

கருவிகள் இரண்டு, கேள்விகள் இரண்டு

இத்தகைய இடத்தில் துப்புரவு நடக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்பது முதற்கேள்வி. அத்தூசியில் இருப்பது என்ன என்பது இரண்டாவது.

முதற்கேள்விக்கு உடனுக்குடன் விடை தருவது ஒளிச்சிதறல் கருவி. இதனுள் ஓர் ஒளிக்கற்றை பாய்ச்சப்படுகிறது. உள்ளிழுக்கப்படும் காற்றிலுள்ள துகள்கள் அவ்வொளியைச் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளியின் அளவிலிருந்து, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி உள்ளது என்பதைக் கருவி கணித்துக் காட்டுகிறது. சன்னல் இடுக்கின் வழியே வரும் வெயிலில் தூசி மின்னுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இக்கருவியின் அடிப்படையும் அதுவே. இதன் சிறப்பு விரைவு. எனினும் சாலைப் புழுதியையும் நச்சு இழையையும் இதனால் பிரித்தறிய இயலாது. பனிமூட்டத்தின் நீர்த்துளிகளைக் கூடத் தூசியெனக் கணக்கிட்டுவிடும்.

இரண்டாவது கேள்விக்கு விடை தருவது வடிதாளுடன் கூடிய பம்பு. குறிப்பிட்ட நேரத்துக்குக் குறிப்பிட்ட அளவு காற்றை இழுத்து, அதிலுள்ள துகள்களை இது வடிதாளில் படியச் செய்கிறது. பின்னர் அத்தாள் ஆய்வகத்துக்குச் செல்கிறது. காரீயமாயின் வேதியியல் முறையிலும், கல்நாராயின் நுண்ணோக்கியிலும் அது ஆராயப்படுகிறது. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் மிக மெல்லிய இழைகள் புலப்படுவதில்லை; அவற்றைக் காண மின்னணு நுண்ணோக்கி தேவை. இம்முறையின் சிறப்பு துல்லியம். குறையோ தாமதம்: முடிவு வருவதற்குள் அந்தக் காற்று சுவாசிக்கப்பட்டுவிட்டது.

எனவே நல்ல கண்காணிப்பு இவ்விரண்டையும் சேர்த்தே கையாளும். முதற்கருவி அந்த நிமிடத்தில் எச்சரிக்கும். இரண்டாவது, அந்த எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்பதைப் பின்னர் உறுதிப்படுத்தும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு "காற்று தூயது" என்று கூறுவோரிடம் மற்றொன்றின் முடிவையும் கேட்பது நம் உரிமை.

எங்கே அளப்பது?

கருவியைவிட அது வைக்கப்படும் இடம் முக்கியமானது. துப்புரவுத் தளத்துக்குக் காற்று வந்து சேரும் பக்கத்தில் ஒரு கருவியும், காற்று கடந்து செல்லும் பக்கத்தில் மற்றொன்றும் வைக்கப்பட வேண்டும். முதலாவது, ஊரில் ஏற்கெனவே உள்ள தூசியைக் காட்டும். இரண்டாவது, அத்துடன் தளத்தின் தூசியையும் சேர்த்துக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே துப்புரவுப் பணியால் கூடிய தூசி. காற்றின் திசை மாறினால் கருவியின் இடமும் மாற வேண்டும். காற்று கிழக்கே வீசும் நாளில் மேற்கு வேலியில் மட்டும் கருவியை வைத்து அளந்தால் எண் அழகாக இருக்கும், உண்மை இராது.

அடுத்து, உயரம். தரையிலோ மாடியின் உச்சியிலோ அளப்பதால் பெரும்பயன் இல்லை. மூக்கும் வாயும் இருக்கும் மட்டத்தில் அளக்க வேண்டும். தொழிலாளர்களின் சட்டைக் கழுத்துப்பட்டையில் சிறு குழாயைப் பொருத்தி, இடுப்பிலுள்ள பம்பின் வழியே அவர்கள் சுவாசிக்கும் காற்றையே சேகரிக்கும் முறை இதற்காக வந்ததே.

லிப்பியில் இக்கருத்து மேலும் ஒரு படி சென்றது. ஊரின் நடுவே கருவியை நிறுத்தி, அமைதியான காற்றை அளந்தால் இழைகள் மிகக் குறைவாகவே தெரியும். மக்கள் வாழ்வதோ அசைவற்ற காற்றில் அன்று. ஆகவே ஆய்வாளர்கள் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்து, பம்புகளைச் சுமந்துகொண்டு, ஊரார் செய்யும் அன்றாடச் செயல்களைத் தாங்களே செய்து காட்டினர். சருகுகளை வாரினர், புல் வெட்டினர், பிள்ளைகளைப் போல் மண்ணைக் கிளறினர். மண் கலைக்கப்படும் அந்த நேரத்தில், அதைக் கலைப்பவரின் மூச்சருகே எவ்வளவு இழை எழுகிறது என்பதே அவர்கள் அளந்தது. குறைந்த அளவு கல்நார் கலந்த மண்ணும் கிளறப்படும்போது காற்றைக் கெடுக்கக்கூடும் என்பதால், மண்ணை மட்டும் சோதிப்பது போதாது என்ற படிப்பினை இதனால் வலுப்பெற்றது.

எவ்வளவு நேரத்துக்கான அளவு?

நாளிதழில் வெளியாகும் காற்றுத்தர எண்கள் பல, 24 மணி நேரச் சராசரியை அடிப்படையாகக் கொண்டவை. இந்தியாவில் பி.எம். 10 துகளுக்கான 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தளத்தில் 23 மணி நேரம் தூசி 50 ஆகவும், லாரியில் மண் ஏற்றிய ஒரே ஒரு மணி நேரம் 1,000 ஆகவும் இருந்ததெனக் கொள்வோம். அன்றைய சராசரி ஏறத்தாழ 90. வரம்பு மீறப்படவில்லை! ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவ்வழியே நடந்துசென்ற ஆஸ்துமா நோயாளிக்குச் சராசரி எந்த ஆறுதலையும் தராது.

எனவேதான் துப்புரவுத் தளங்களுக்குக் குறுகிய கால அளவு வகுக்கப்படுகிறது. நியூயார்க் மாநிலத்தின் விதிமுறையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். அங்கு 15 நிமிடச் சராசரி கணக்கிடப்படுகிறது. காற்று கடந்து செல்லும் பக்கத்தில், மறுபக்கத்தைக் காட்டிலும் பி.எம். 10 அளவு 100 மைக்ரோகிராம் கூடினால் நீர் தெளித்தல் முதலிய தூசியடக்கும் முறைகளை உடனே கையாள வேண்டும். அதன் பின்னரும் 150க்கு மேல் கூடியிருந்தால் பணியை நிறுத்தி, முறையை மாற்றிய பின்னரே தொடர வேண்டும். இவ்விதியின் உயிர் அதன் எண்களில் மட்டும் இல்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு செயல் இணைக்கப்பட்டிருப்பதே அதன் உயிர். எந்த எண்ணுக்கு எந்தச் செயல் என்பது முன்கூட்டியே எழுதப்படாத கண்காணிப்பு, காய்ச்சலை அளந்து குறித்துவைத்துவிட்டு மருந்து தராமல் இருப்பதைப் போன்றது.

வரம்பு யாருக்கானது?

"வரம்புக்குள் இருக்கிறது" என்று கூறப்படும்போது, அந்த வரம்பு யாருக்காக வகுக்கப்பட்டது என்பதையும் நாம் அறிய வேண்டும். அமெரிக்காவில் பணியிடங்களுக்கான கல்நார் வரம்பு, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றுக்கு 0.1 இழை. லிப்பியின் கல்நாரை ஆராய்ந்த சுற்றுச்சூழல் முகமை, புற்றுநோயல்லாத பாதிப்புகளைக் கருதி, வாழ்நாள் முழுதும் சுவாசிக்கும் மக்களுக்கு 2014இல் வகுத்த ஒப்பீட்டு அளவோ 0.00009 இழை. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு உள்ளது.

பணியிட வரம்பு, வேலை நேரத்தில் பணிபுரியும் வயதுவந்தோரை எண்ணி வகுக்கப்பட்டது. வீட்டிலிருக்கும் கைக்குழந்தை, முதியவர், ஆக்சிஜன் உதவியுடன் வாழ்பவர் ஆகியோர் அதில் அடங்கார். தொழிலாளருக்கான எண்ணைக் காட்டி ஊராருக்கு உறுதி கூறுவது பொருந்தாது.

பணி முடிந்தது என்று எப்போது கூறலாம்?

கட்டடத்தினுள் கல்நார் அகற்றப்பட்ட பின்னும் அளவீடு தேவை. அமெரிக்கப் பள்ளிகளுக்கான விதிமுறையில் இதற்கொரு கடுமையான முறை உள்ளது. சுத்தம் செய்த அறையின் சுவர், தரை, மூலைகள் எங்கும் காற்றூதும் கருவியால் வேகமாக ஊதி, மின்விசிறியைச் சுழலவிட்டு, எஞ்சிய தூசி இருந்தால் அது எழும்படி செய்கின்றனர். அதன் பின்னரே காற்று சேகரிக்கப்படுகிறது. அந்நிலையிலும் காற்று தூய்மையாக இருந்தால்தான் மாணவர் உள்ளே வரலாம்.

லிப்பியில் 2,600க்கும் மேற்பட்ட வீடுகளும் நிலங்களும் துப்புரவு செய்யப்பட்டன. சுரங்கம் இயங்கிய காலத்துடன் ஒப்பிடுகையில் ஊர்க்காற்றில் இழைகளின் அளவு ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு குறைந்துள்ளதாக முகமை 2014இல் கண்டறிந்தது. இது பெருஞ்சாதனை. ஆனால் அன்று சுவாசித்தவர்களின் நுரையீரலில் புகுந்த இழைகளை எந்தத் துப்புரவும் அகற்றவில்லை. 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம், லிப்பியின் கல்நாரால் நோயுற்றோருக்கு வயது வரம்பின்றி அரசு மருத்துவக் காப்பீடு கிடைத்தது. நிலம் குணமடைந்த பின்னும் மக்களுக்கு மருத்துவம் தொடர்கிறது.

நமது இல்லத்தில் நாம் செய்ய வேண்டியவை

லிப்பி தொலைவில் உள்ளது. ஆயினும் கல்நார் நமக்கு அந்நியமன்று. நம் வீடுகள், மாட்டுக் கொட்டகைகள், கடைகள் பலவற்றின்மீது வேயப்பட்டிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளில் சிமெண்டுடன் கலந்திருப்பது அதே குடும்பத்தைச் சேர்ந்த இழை. உடையாத தகடு பெரும்பாலும் இழைகளை வெளியிடுவதில்லை. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதுமே ஆபத்து எழுகிறது.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகிறோம்.

1. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உலர்ந்த நிலையில் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அகற்ற நேர்ந்தால் நீரால் நனைத்து, முழுத் தகடாகவே இறக்கச் செய்யுங்கள். நோயாளியும் குழந்தைகளும் அப்போது வீட்டில் இராதிருப்பது நலம்.

2. தூசி நிறைந்த வேலைக்குச் செல்வோர், பணியிடத்திலேயே உடை மாற்றிக் குளித்துவிட்டு வரட்டும். கல்நார், காரீயம் போன்றவற்றுடன் பணிபுரிவோரின் உடை வீட்டுக்கே வரலாகாது. அதைத் துவைப்பது பணி தருபவரின் பொறுப்பு.

3. அருகில் தோண்டும் பணி நடக்கும் நேரத்தில் காற்று வரும் பக்கத்துச் சன்னல்களை மூடுங்கள். வீட்டைத் துடைப்பத்தால் உலரப் பெருக்காமல், ஈரத்துணியால் துடையுங்கள்.

4. கைக்குட்டையும் துணி முகக்கவசமும் நுண்துகளைத் தடுப்பதில்லை. முகத்தில் நன்கு பொருந்திய என்95 கவசம் சாதாரணத் தூசிக்கு உதவும்; கல்நார் வேலைக்கு அதுவும் போதாது. மூச்சுத்திணறல் உள்ளோர் கவசம் அணியுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

5. உள்ளிழுக்கும் மருந்தை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். இருமலோ இளைப்போ கூடினால், தூசி அடங்கட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

6. புகைப்பிடிப்பவராயின் இன்றே நிறுத்துங்கள். கல்நாரும் புகையும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகிறது.

7. நோய் வரலாற்றைக் கூறும்போது, தங்கள் வேலையை மட்டுமன்றித் தந்தை, கணவர், மகன் ஆகியோர் செய்த வேலையையும், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இடத்தையும் கூறுங்கள். "நான் வீட்டில்தான் இருந்தேன்" என்று கூறும் தாய்மாரிடம், "யாருடைய உடைகளைத் துவைத்தீர்கள்?" என்று நாங்கள் கேட்பதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

தங்கள் பகுதியில் மாசடைந்த நிலத்தின் துப்புரவு தொடங்கினால், பொறுப்பான அதிகாரிகளிடம் கீழ்க்காணும் கேள்விகளைப் பணிவுடன், எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

தூசியின் அளவோடு, அதில் கலந்துள்ள நச்சுப்பொருளும் அளக்கப்படுகிறதா?

காற்று வரும் பக்கம், போகும் பக்கம் ஆகிய இரண்டிலும் கருவிகள் உள்ளனவா?

எண்கள் எத்தனை நிமிடச் சராசரி?

எந்த எண்ணில் நீர் தெளிக்கப்படும், எந்த எண்ணில் பணி நிறுத்தப்படும்?

அன்றன்றைய அளவீடுகளை ஊர்மக்கள் எங்கே காணலாம்?

இவ்வைந்துக்கும் தெளிவான விடை கிடைக்குமாயின், அத்தளத்தில் தங்கள் மூச்சைக் குறித்து எவரோ முன்னரே சிந்தித்திருக்கின்றனர் என்று கொள்ளலாம். விடை கிடைக்காவிடில், தங்கள் கேள்வியே அச்சிந்தனையைத் தொடங்கிவைக்கும். கிடைத்த விடைகளை அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது உடன் கொண்டுவாருங்கள். தங்கள் எக்ஸ்ரே படத்துடன் அவற்றையும் சேர்த்துப் படிக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.